சுவிட்சை அணைத்த பிறகு பத்து நிமிடம்

மரத்தில் பள்ளம் குடையும் கருவியான என்னுடைய முதல் ரௌட்டர் நான்காம் ஆண்டில் புகை விட்டு நின்றுபோனது. உத்தரவாதக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, இனி இழப்பதற்கு என்ன இருக்கிறது என்று உறையைத் திறந்து பார்த்தேன். மோட்டாரைச் சுற்றிலும் கம்பளித் துணியைத் திணித்து வைத்ததுபோலத் தூள் இறுகிக் கிடந்தது. நகத்தால் கிள்ளினால் தகடாகப் பெயர்ந்து வந்தது. அந்தத் தகட்டின் விளிம்பில் அடுக்கடுக்காக நிறம். அடியில் பைன் மரத்தின் வெளிர்மஞ்சள், அதன் மேல் எம்.டி.எஃப். பலகையின் மங்கிய பழுப்பு, எல்லாவற்றுக்கும் மேலே தேக்கின் பொன்னிறம். முதலில் செய்த புத்தக அலமாரி, பிறகு செய்த அலமாரிக் கதவுகள், கடைசியாகச் செய்த கட்டில் என்று நான்கு ஆண்டு வேலையும் வரிசை மாறாமல் அதற்குள் இருந்தது.

அப்பா தச்சர். மின்சாரத்தில் ஓடும் கருவி எதையும் அவர் தொட்டதில்லை. வேலை முடிந்ததும் ஒவ்வோர் உளியையும் எண்ணெய்த் துணியில் ஓர் இழுப்பு இழுத்துவிட்டுத்தான் பெட்டியில் வைப்பார். இழைப்புளியின் வாயில் சிக்கிய சுருளைக் குச்சியால் நெம்பி எடுப்பார். மோட்டார் வைத்த கருவிகளை நான் வாங்க ஆரம்பித்தபோது, இந்தத் தொல்லையெல்லாம் ஒழிந்தது என்று மகிழ்ந்தேன். கையால் தட்டும் உளிக்கே அத்தனை கவனிப்பு வேண்டியிருந்தது. நிமிடத்துக்கு 20,000 முறைக்கு மேல் சுழலும் பொருளுக்கு வேண்டாம் என்று எந்தக் கணக்கில் முடிவு செய்தேனோ!

அந்த ரௌட்டருக்குப் பிறகு எனக்குப் புரிந்தது இதுதான். கருவி ஓடும்போது கெடுவதைவிட, ஓடி முடித்துச் சும்மா கிடக்கும்போது அதிகம் கெடுகிறது. மரத்தூள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். அது இரும்பின் மேல் கிடந்தால் ஈரத்துணியைப் போர்த்திவிட்டதற்குச் சமம். ஓக் போன்ற துவர்ப்புச் சத்து மிகுந்த மரமாக இருந்தால் ஈரம் பட்ட இடத்தில் இரும்பு கருநீலமாகக் கறுத்துப்போகும். வேலை முடிந்த சூட்டில் இளகியிருக்கும் பிசின், இரவு முழுவதும் விட்டால் கெட்டியாக இறுகிவிடும். இப்போது துணியால் துடைத்தால் வருவதை நாளைக்கு ஊறவைத்துத் தேய்க்க வேண்டும். அதனால் நான் சொல்லப்போகும் வேலைகளில் பெரும்பாலானவை அன்றன்றைக்கு, வியர்வை காய்வதற்குள் செய்ய வேண்டியவை. சுவிட்சை அணைத்ததிலிருந்து பத்து நிமிடம் போதும்.

எதைத் தொடுவதற்கும் முன்னால் பிளக்கைப் பிடுங்குங்கள். பேட்டரிக் கருவியானால் பேட்டரியைக் கழற்றி எட்ட வையுங்கள். சுவிட்சை அணைத்தாயிற்றே என்று இருந்துவிடக் கூடாது. துடைக்கும்போது விசைமேல் விரல் படாமல் இருக்காது. கழற்றிய பிளக்கை என் கண்ணில் படும்படி மேசைமேல் வைத்துக்கொள்வேன். பார்வைக்கு எட்டாத பிளக்கை யாராவது நல்லெண்ணத்தோடு மாட்டிவிடுவார்கள்.

தூளை எங்கிருந்து எடுப்பது

பலரும் முதலில் செய்வது கம்ப்ரஸர் குழாயை எடுத்துக் காற்றுத் துளைகளுக்குள் வலுவாக அடிப்பது. பார்க்க நன்றாக இருக்கும். ஒரே வீச்சில் தூள் பறக்கும். அதில் பாதி எதிரே நிற்பவர் மூக்குக்கும், மீதியில் கொஞ்சம் கருவியின் பேரிங்குக்கும் போகும். காற்றை வலுவாக அடித்தால் நுண்தூள் இன்னும் ஆழமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

முதலில் உறிஞ்சுங்கள், பிறகு ஊதுங்கள். தூசி உறிஞ்சியின் முனையில் மென்மயிர் பிரஷ் மாட்டி, கருவியின் உடல் முழுவதும் ஒரு சுற்று. பெயின்ட் அடிக்கும் ஒரு அங்குல பிரஷ் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன். சுவிட்சின் இடுக்கு, ஆழம் வைக்கும் அளவுகோல், திருகுகளின் தலை எல்லாவற்றிலும் அதைவிட்டுக் கிளறுவேன். இன்னொரு கையில் உறிஞ்சியின் வாய் பக்கத்திலேயே இருக்கும்.

அதற்குப் பிறகுதான் காற்று. அதையும் கருவி மூச்சுவிடும் திசைக்கு எதிராக ஊத வேண்டும். பெரும்பாலான மோட்டார் கருவிகளில் உள்ளே ஒரு சிறு விசிறி இருக்கும். அது ஒரு பக்கத் துளைகளால் காற்றை இழுத்து மறு பக்கத்தால் தள்ளி மோட்டாரைக் குளிரவைக்கும். எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரியாவிட்டால் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். கருவியைப் பிட்டோ (மாட்டிக் கழற்றும் வெட்டுமுனை) பிளேடோ இல்லாமல் ஓடவிட்டு, விரலகலத்துக்குக் கிழித்த மெல்லிய காகிதத்தைத் துளைகளின் அருகே பிடியுங்கள். இழுக்கும் பக்கத்தில் காகிதம் ஒட்டிக்கொள்ளும். தள்ளும் பக்கத்தில் படபடக்கும். ஊத வேண்டியது படபடக்கும் பக்கத்திலிருந்து. அப்போது தூள் வந்த வழியே வெளியே போகும். காற்றின் அழுத்தம் குறைவாக இருக்கட்டும். சுத்தம் செய்யும் காற்றை 30 பி.எஸ்.ஐ.க்குக் கீழே வைக்க வேண்டும் என்பது அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு விதி. நானும் அதைத் தாண்டுவதில்லை. முனையை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, விட்டுவிட்டு ஊதுங்கள். முடிந்ததும் பிளக்கை மாட்டி அரை நிமிடம் வெறுமனே ஓடவிட்டால் உள்ளே தளர்ந்த மிச்சமும் வந்துவிடும்.

கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம். அறுக்கும்போது மாட்டிக்கொண்டு, சுத்தம் செய்யும்போது கழற்றிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன். காற்றில் நுண்தூள் மிகுதியாக மிதப்பது இந்த நேரத்தில்தான். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் பிரிவில் மரத்தூளை 1995இலேயே சேர்த்துவிட்டது. துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது முகமூடி ஆகாது.

பிளாஸ்டிக் உடலைத் துடைக்க, சோப்புத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணி போதும். பெட்ரோல், தின்னர், அசிட்டோன் மூன்றும் வேண்டாம். சில பிளாஸ்டிக்குகள் அன்றைக்கு ஒன்றும் ஆகாததுபோல் இருந்துவிட்டுச் சில வாரங்கள் கழித்துக் கைப்பிடியில் மயிரிழை விரிசல் விடும். துடைக்கும் கையோடு மின்கம்பியையும் முழுநீளத்துக்கு விரலுக்கிடையே ஓடவிடுங்கள். வெட்டு, நசுங்கல் இருந்தால் கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரியும். கம்பி, கருவிக்குள் நுழையும் இடம்தான் முதலில் போகும். கம்பியைக் கருவியின் உடலைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் போவது அந்த இடம்தான். தளர்வான வளையமாகச் சுற்றித் தனியே கட்டுங்கள்.

பிளேடைக் குளிப்பாட்டுதல்

ஒருமுறை பைன் பலகை அறுத்துக்கொண்டிருந்தேன். வெட்டிய விளிம்பெல்லாம் கருகியது, தள்ளினால் ரம்பம் முனகியது. பிளேடு மழுங்கிவிட்டது என்று கழற்றிக்கொண்டு சாணை பிடிப்பவரிடம் போனேன். அவர் வாங்கிப் பார்த்தார். ஒரு பல்லின் பக்கவாட்டில் நகத்தால் சுரண்டினார். நகத்துக்கு அடியில் பழுப்பாக ஏதோ அப்பிக்கொண்டது. “இதற்குச் சாணை வேண்டாம் தம்பி. போய்க் குளிப்பாட்டிக் கொண்டுவா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். குளிப்பாட்டினேன். அதே பிளேடு இன்னும் இரண்டு வேலைகளுக்கு வந்தது.

பல்லின் பக்கவாட்டில் பிசின் அப்பிக்கொண்டால் பல்லுக்கும் மரத்துக்கும் இடையே இருக்க வேண்டிய மயிரிழை இடைவெளி அடைபடுகிறது. பிளேடு வெட்டுவதை விட்டுவிட்டு உரச ஆரம்பிக்கிறது. உரசினால் சூடு, சூட்டில் இன்னும் கொஞ்சம் பிசின் இளகி ஒட்டுகிறது. கருகல் நாற்றம் வந்தால் மழுங்கிவிட்டதென்று முடிவு கட்டுவதற்கு முன் கழுவிப் பாருங்கள். (தேக்கு வேறு கதை. அதில் மணலின் மூலப்பொருளான சிலிக்கா இருக்கிறது. தேக்கு அறுத்த பிளேடு உண்மையிலேயே மழுங்கும்.)

பிளேடைக் கழற்றும் நட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று தடுமாறுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: பெரும்பாலான வட்ட ரம்பங்களில் பிளேடு எந்தத் திசையில் சுழலுமோ அதே திசையில் நட்டைத் திருப்பினால் கழலும். கழற்றியதும் பிளேடைத் தட்டையான தட்டில் படுக்கவைத்து, மூழ்கும் அளவுக்கு வெந்நீர் ஊற்றிப் பாத்திரம் துலக்கும் திரவ சோப்பை ஒரு சுழற்று விடுங்கள். பிடிவாதமான பிசினுக்கு மட்டும் ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா சேர்க்கலாம். பதினைந்து நிமிடம் ஊறட்டும். ஊறிய பிசின் நிறம் மாறிச் சளிபோல ஆகிவிடும். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் பல் பல்லாகத் தேயுங்கள்: முகம், இரண்டு பக்கங்கள், பல்லுக்குப் பின்னால் உள்ள குழி. பிரஷ் எப்போதும் பிளேடின் நடுவிலிருந்து வெளிப்புறமாகப் போகட்டும். எதிர்த்திசையில் தேய்த்தால் கையுறை கிழியும், அடுத்து விரல். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். கார்பைடு பல் கடினமானது, ஆனால் நொறுங்கக்கூடியது. அதன் கூர்முனையைக் கம்பியால் இழுத்தால் கண்ணுக்குத் தெரியாமல் பொடியும்.

ஓவன் அடுப்பைச் சுத்தம் செய்யும் காரத் தெளிப்பானை அடித்தால் ஐந்தே நிமிடத்தில் பிசின் போய்விடும் என்று சொல்வார்கள். போய்விடும்தான். நான் அடிப்பதில்லை. கார்பைடு பல் என்பது தங்ஸ்டன் கார்பைடு துகள்களைக் கோபால்ட் என்ற உலோகம் பிடித்து நிறுத்தியிருக்கும் பொருள். கடுங்காரம் அந்தப் பிடிமானத்தை அரிக்கும் என்று பிளேடு தயாரிப்பவர்களே எச்சரிக்கிறார்கள். பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்க பல்லைப் பணயம் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கழுவியதும் உடனே துடைத்து, காற்றாட நிறுத்தி வையுங்கள். வெறும் எஃகுத் தட்டில் ஒரு துளி ஈரம் தங்கினாலும் காலையில் துருப்பொட்டு இருக்கும். முழுதாக உலர்ந்த பிறகு மரத்துக்குப் போடும் கெட்டி மெழுகை மிக மெல்லியதாகத் தடவித் துடைத்துவிட்டால் அடுத்த முறை பிசின் ஒட்டத் தயங்கும். கையில் இருக்கும்போதே வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒரு முழுச் சுற்று பாருங்கள். விளிம்பு உடைந்த பல், பல்லின் அடியில் விரிசல், நிறம் மாறி நீலம் பாரித்த தட்டு. இதில் எது கண்ணில் பட்டாலும் அந்த பிளேடு மறுபடி ரம்பத்துக்குள் போகக் கூடாது.

திரும்ப மாட்டும் முன் பிளேடை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் வளையத் தட்டுகளின் முகத்தைத் துடைக்க மறக்காதீர்கள். 40 மில்லிமீட்டர் அகல வளையத்தின் விளிம்பில் ஒரு தூள் கட்டி சிக்கினாலும் 184 மில்லிமீட்டர் பிளேடின் ஓரத்தில் அந்தக் கோணல் நான்கு மடங்குக்கு மேல் பெருகித் தெரியும். பலகை சொரசொரவென்று வெட்டுப்பட்டால் சிலர் புதுப் பிளேடு தேடிக் கிளம்பிவிடுவார்கள். துணியால் ஒரு துடைப்பு துடைத்துப் பாருங்கள்.

வட்ட ரம்பத்தின் கீழ் மூடி

மற்ற எதையும் விட்டாலும் இதை விடாதீர்கள். ஒரு மாலை பலகையை அறுத்து முடித்து, விசையை விட்டு, வழக்கம்போல ரம்பத்தைத் தரையில் வைத்தேன். பிளேடின் கீழ்ப்பகுதியைத் தானாக மறைக்க வேண்டிய கீழ் மூடி பாதியில் சிக்கி நின்றிருந்தது; எனக்குத் தெரியாது. பிளேடு இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. தரையைத் தொட்டதும் ரம்பம் உயிர்வந்ததுபோல என் காலை நோக்கிப் பின்னால் ஓடிவந்தது. செருப்புக்கு நான்கு விரற்கடை முன்னால் நின்றது. தரையில் அது போட்ட கீறல் இன்னும் இருக்கிறது. அதன்மேல் நான் எதையும் வைத்து மறைப்பதில்லை.

காரணம் மிகச் சின்னது. மூடி சுழலும் அச்சைச் சுற்றிப் பிசினும் தூளும் குழைந்து பசையாகியிருந்தது. உள்ளே உள்ள ஸ்பிரிங்குக்கு அதை மீறி இழுக்கும் வலுவில்லை.

ஒவ்வொரு நாளும் பிளக்கைக் கழற்றிவிட்டு மூடியின் நெம்புகோலை முழுதாக மேலே இழுத்து விடுங்கள். ‘டக்’ என்று ஒரே ஓசையில் மூட வேண்டும். மெதுவாக இறங்கினாலோ கடைசி விரலகலத்தில் தயங்கினாலோ அது அழுக்காகிவிட்டது என்று அர்த்தம். ரம்பத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, தலைகீழாகப் பிடித்து என்று வேறு நிலைகளிலும் இழுத்து விட்டுப் பாருங்கள். நேராகப் பிடித்தால் புவியீர்ப்பே மூடியைக் கீழே கொண்டுவந்து, ஸ்பிரிங்கின் சோம்பலை மறைத்துவிடும். அழுக்கை எடுக்க பிளேடைக் கழற்றிவிட்டு, மூடியின் உட்புறத்தை மரக்குச்சியால் சுரண்டி, அச்சைச் சுற்றி மண்ணெண்ணெய் நனைத்த துணிநுனியால் துடைத்து உலரவிடுங்கள். எண்ணெய் விடத் தோன்றும், விடாதீர்கள். எண்ணெய் விட்ட இடத்தில் அடுத்த நாள் தூள் சேர்ந்து மறுபடி அதே பசை. உலர்ந்து படலமாகத் தங்கும் உலர்மசகு இருந்தால் ஒரு சிறு தெளிப்பு போதும். அதன் பிறகும் மூடி தயங்கினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. மாற்றும்வரை அந்த ரம்பத்துக்கு ஓய்வு. ஆப்பு வைத்து மூடியைத் திறந்தே நிறுத்தும் ஆட்களோடு நான் வேலைக்கு நிற்பதில்லை.

ரௌட்டரின் பிடி

ரௌட்டரில் தூளைவிட எனக்குப் பயம் கோலெட். பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் அந்தப் பிளவுபட்ட வளையம். ஒரு பலகையில் 6 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் காடி இழுக்க ஆரம்பித்தேன். மறுமுனைக்குப் போனபோது ஆழம் 9 மில்லிமீட்டர். நான் ஆழத்தை மாற்றவில்லை. பிட் தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நழுவியிருக்கிறது. கழற்றிப் பார்த்தால் தண்டில் கறுப்பு வளையங்கள். கோலெட்டின் உட்சுவரில் பிசின் மினுமினுத்தது. பிசின் இருக்கும்போது நட்டை எவ்வளவு இறுக்கினாலும் கோலெட் இறுகப் பிடிப்பது பிசினைத்தான், தண்டை அல்ல.

ஒவ்வொரு நாளும் பிட்டைக் கழற்றிவிடுங்கள். பிட்டை மாட்டியபடியே வாரக்கணக்கில் விட்டால் தண்டும் கோலெட்டும் துருவால் ஒட்டிக்கொள்ளும். கோலெட்டை வெளியே எடுத்து, உள்துளையைச் சிறு பித்தளைக் கம்பி பிரஷால் நான்கைந்து முறை சுழற்றித் துடையுங்கள். பிளவுகளுக்குள் தடித்த காகிதத்தின் ஓரத்தை விட்டு இழுங்கள். கோலெட் உட்காரும் மோட்டார் தண்டின் கூம்புக் குழியையும் விரலில் சுற்றிய துணியால் துடைக்க வேண்டும். எண்ணெய் இங்கும் கூடாது. உராய்வு ஒன்றுதான் அந்தப் பிட்டைப் பிடித்திருக்கிறது. பிட்டின் தண்டில் கறுப்புக் கீறல்கள் இருந்தால் மிக நுண்ணிய எஃகு நாரால் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொள்ளுங்கள். பள்ளமே விழுந்திருந்தால் கோலெட்டின் ஆயுள் முடிந்தது.

பிட் இல்லாமல் நட்டை இறுக்கி வைக்காதீர்கள். கோலெட் சுருங்கியபடியே நின்று வடிவம் கெட்டுவிடும். பிட் மாட்டும்போது தண்டை அடிவரை தள்ளிவிட்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே இழுத்து இறுக்குவது பழக்கமாகட்டும். அடியில் முட்டிக்கொண்டு நின்றால் நட்டு இறுகியதுபோல் ஏமாற்றும்.

பிட்டுகளையும் பிளேடு கழுவிய அதே முறையில் கழுவலாம். முனையில் பேரிங் உள்ள பிட்டானால் பேரிங்கைக் கழற்றிவிட்டு ஊறவையுங்கள். சோப்புத் தண்ணீர் போனால் உள்ளேயிருக்கும் கிரீஸும் போகும். அடுத்த வேலையில் அந்தப் பேரிங் சுழல மறுத்து மர விளிம்பில் கறுப்புக் கோடு போடும். அலுமினியப் பகுதி உள்ள கருவி எதையும் சோடாத் தண்ணீரில் போடாதீர்கள். சோடா அலுமினியத்தை அரிக்கும்.

இழைப்பு இயந்திரம், சாண்டர், மற்றவை

மின் இழைப்பு இயந்திரத்தில் சுருள் வெளியேறும் வாய்தான் தொல்லை. ஈரம் காயாத மரத்தை இழைத்தால் பஞ்சடைத்ததுபோல் அடைத்துக்கொள்ளும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அங்கே விரலை விடாதீர்கள், மரக்குச்சி விடுங்கள். உருளை சும்மா நின்றாலும் அதன் பிளேடு கூர்மை குறையாது. பிளேடுகளைக் கழற்றினால் அவை உட்காரும் காடியையும் துடைத்துவிட்டு மாட்டுங்கள். மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் உருளையின் எடை சமம் தவறி இயந்திரம் அதிரும். பக்கவாட்டு மூடியைக் கழற்றி பெல்ட்டை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

சாண்டரின் அடித்தட்டில் உப்புத்தாளைப் பிடித்துக்கொள்ளும் குட்டிக் கொக்கிகள் இருக்கின்றனவே, அவற்றுக்கிடையே தூள் அடைந்தால் தாள் பாதி வேலையில் பறந்து போகும். பல் துலக்கும் பிரஷால் கிளறி உறிஞ்சிவிடுங்கள். கொக்கிகள் உருகி மொட்டையாகியிருந்தால் பழி உங்கள்மேல்: அழுத்தித் தேய்த்திருக்கிறீர்கள். சாண்டரைத் தூக்கிப் பிடித்து ஓடவிட்டால் தட்டு மெதுவாகத்தான் சுற்ற வேண்டும். கிறுகிறுவென்று பறந்தால் தட்டின் மேல் விளிம்பை உரசிக்கொண்டிருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டது. அந்த வேகத்தில் மரத்தில் வைத்தால் வட்டவட்டமாகக் கீறும். தூள்பையைப் பாதி நிறையும் முன்பே கொட்டுங்கள். நிறைந்த பையோடு ஓட்டினால் சாண்டர் தூளை இழுப்பதை நிறுத்திவிட்டு உங்களுக்கே திருப்பித் தரும்.

தலைக்குமேல் துளையிட்ட டிரில்லின் சக்கில், அதாவது பிட்டைக் கவ்வும் வாயில், தூள் இறங்கியிருக்கும். தாடைகளை முழுக்கத் திறந்து, வாயைக் கீழே கவிழ்த்துத் தட்டி, பிரஷ் விட்டு, ஒரே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு நான்கு முறை திறந்து மூடுங்கள். ஜிக்சாவில் பிளேடின் முதுகைத் தாங்கும் குட்டி உருளை சுற்றுகிறதா என்று விரலால் தள்ளிப் பாருங்கள். அதற்கும் ஒரு சொட்டு. அடித்தட்டில் பிசின் கட்டி ஒட்டியிருந்தால் நாளை மெருகேற்றிய பலகையில் கோடு கோடாகத் தெரியும்.

மேசை ரம்பத்தின் வார்ப்பிரும்பு மேற்பரப்பு ஒரு வியர்வைத் துளிக்கும் துருப்பிடிக்கும். தண்ணீர்க் குவளையை அதன்மேல் வைத்தவர் யாராக இருந்தாலும் வட்டத் தடம் காட்டிக்கொடுத்துவிடும். இளந்துருவை மண்ணெண்ணெய் தொட்டு மிக நுண்ணிய எஃகு நாரால் தேய்த்தால் போய்விடும். பிறகு மெழுகு. வண்டிக்குப் போடும் மெழுகு வேண்டாம். அவற்றில் பலவற்றில் சிலிகோன் இருக்கும். அது மேசையிலிருந்து மரத்துக்கு ஏறி, பின்னால் வார்னிஷ் அடிக்கும்போது மீன்கண் போலக் குழிகுழியாக விலகி நிற்கும். அந்தக் குழிகளை மறைக்க இரண்டு நாள் போராடியிருக்கிறேன். பிளேடை ஏற்றி இறக்கும் பற்சக்கரங்களில் தூளும் பிசினும் சேர்ந்தால் கைப்பிடி கனத்துப்போகும். பிரஷால் துடைத்து உலர்மசகு மட்டும் போடுங்கள். கிரீஸ் போட்டால் ஒரே மாதத்தில் பற்கள் இருக்கும் இடமே தெரியாது.

கார்பன் பிரஷும் பேட்டரியும்

கம்பி வைத்த கருவிகளில் பெரும்பாலானவற்றின் மோட்டாருக்கு இருபுறமும் பிரஷ் எனப்படும் இரண்டு கார்பன் கட்டைகள் மின்சாரத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. தேய்ந்து தேய்ந்து தீர்வதுதான் அவற்றின் வேலை. காற்றுத் துளைக்குள் வழக்கத்தைவிடப் பெரிய பொறி தெரிந்தால், கருவி விட்டுவிட்டு ஓடினால், இவற்றைப் பாருங்கள். பல கருவிகளில் உடலின் இருபக்கமும் காசு அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அகலத் திருப்புளியால் திருப்பினால் ஸ்பிரிங்கோடு பிரஷ் வெளியே வரும். கட்டையின் பக்கத்தில் தேய்மானக் கோடு பொறித்திருந்தால் அதுவே எல்லை. கோடு இல்லாவிட்டால் 6 மில்லிமீட்டருக்குக் கீழே போனதும் மாற்றிவிடுவேன். எப்போதும் இணையாக. இன்னும் தேயவில்லை என்று அதையே திரும்பப் போடுவதானால், எந்தப் பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே போடுங்கள். அதன் முனை, மோட்டாரின் உருளைக்கு ஏற்ற வளைவாகத் தேய்ந்திருக்கும். திருப்பிப் போட்டால் அந்த வளைவு பொருந்தாமல் பொறி பறக்கும். புதியதைப் போட்டால் சுமை இல்லாமல் சில நிமிடங்கள் ஓடவிட்டு முனையைப் படியவையுங்கள். பிரஷ் இல்லாத மோட்டார் என்று உடலில் எழுதியிருக்கும் பேட்டரிக் கருவிகளுக்கு இந்தப் பத்தியே தேவையில்லை.

லித்தியம் அயன் பேட்டரிக்குத் தூளைவிட வெப்பம் எதிரி. வேலை முடிந்த சூட்டோடு சார்ஜரில் செருகாதீர்கள். கையில் வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறட்டும். மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் முழு சார்ஜிலும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம்; பாதியில், குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். முனைகளை உலர்ந்த பிரஷால் துடைத்து, உடன் வந்த பிளாஸ்டிக் மூடியைப் போட்டு வையுங்கள். திருகு ஆணிகள் கிடக்கும் டப்பாவுக்குள் மூடியில்லாத பேட்டரியைப் போடவே கூடாது. இரண்டு முனைகளை ஓர் ஆணி இணைத்துவிட்டால் போதும்.

விளக்கை அணைப்பதற்கு முன்

கருவிகள் பெட்டிக்குள் போகும் இடம் ஈரமானதாக இருந்தால் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு, நிறம் மாறும் வகையாக இருந்தால் மாறியதும் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். சாண்டரின் தூள்பையில் எதையும் மிச்சம் வைத்துவிட்டுப் போகாதீர்கள். எண்ணெயோ வார்னிஷோ அடித்த பரப்பைத் தேய்த்த தூள் தானாகவே சூடேறிக் கனன்றுவிடக்கூடும். மரத்தூள் உறிஞ்சிய அதே உறிஞ்சியை இரும்பு அரைக்கும் இடத்தில் காட்டாதீர்கள். ஒரு பொறி உள்ளே போய் மணிக்கணக்கில் புகைந்துவிட்டு, எல்லோரும் தூங்கிய பிறகு எரியும்.

துடைத்த துணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. மண்ணெண்ணெய் தொட்ட துணிகளை நெருப்பில்லாத இடத்தில், வெளியே உலர்த்துங்கள். ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணி இன்னும் மோசம். அதற்குத் தீக்குச்சிகூட வேண்டாம். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு பிறக்கிறது. துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே ஏறிக்கொண்டு போய்ப் பற்றிக்கொள்ளும். நான் அவற்றைப் பட்டறைக்கு வெளியே கொடியில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் தனித்தனியாக விரித்துப் போடுகிறேன். நன்றாகக் காய்ந்து அட்டைபோல விறைத்த பிறகே அவை குப்பைக்குப் போகும்.